பச்சைத் திரையும் என் வீட்டுக்காரரின் எடிட்டரும்

"பொறாமைப்பட ஊருல ஆயிரம் பேர் இருக்கும்போது, கட்டின புருஷனைப் பார்த்தாடி பொறாமைப்படுவே?" என்று என் அக்கா போனில் கேட்டாள். வேறு யாரைப் பார்த்துப் பட முடியும்? கண் விழித்தால் அவர். குன்றத்தூரிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அவர். ஒரகடத்தில் இறங்கி மாடி ஏறினால் பக்கத்து மேசையிலும் அவர். மற்றவர்களை நிதானமாகப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு நேரம் கிடையாது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேலை. கார் கம்பெனிகளுக்கு சீட்டு, கண்ணாடி, டேஷ்போர்டு என்று பாகங்கள் அனுப்பும் ஒரு பெரிய கிடங்கு. அதன் மாடியில் எங்கள் ஆபீஸ். எந்த லாரியில் எந்தப் பாகம் எத்தனை ஏற வேண்டும் என்று பட்டியல் போடுகிற புரோகிராம்கள் ஒரு பழைய மெயின்ஃபிரேமில் ஓடுகின்றன. மெயின்ஃபிரேம் என்பது பெரிய கம்ப்யூட்டர். வேறு ஏதோ தேசத்தில் குளிரூட்டிய அறையில் இருக்கிறதாம். எங்களில் யாரும் அதன் முகத்தைப் பார்த்ததில்லை. அந்த புரோகிராம்கள் எழுதப்பட்டிருப்பது அசெம்ப்ளரில். மெஷினுக்கு ரொம்ப நெருக்கமான மொழி அது. இந்த எண்ணை எடு, அங்கே வை, இதோடு கூட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு வரி விட்டுப்போனால் ஏன் என்று கேட்காது, சொன்ன மட்டும் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். என் மாமியார் மாதிரி இல்லை. அவர் கேட்பார்.

இந்த ஆபீஸுக்கு முதலில் வந்தவள் நான். என் வீட்டுக்காரர் படித்தது பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர், பார்த்தது ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் தயாரிப்பு லைனில் சூப்பர்வைசர் வேலை. அங்கே லைனைக் குறைத்தபோது வீட்டில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவரைச் சாப்பாட்டு மேசைக்கு இழுத்து வந்து அசெம்ப்ளர் சொல்லிக்கொடுத்தவள் நான். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஆபீஸில் ஆள் எடுத்தபோது மேனேஜரிடம் அவருக்காகப் பேசியவளும் நான். இதை அவர் மறக்கவில்லை. எல்லோரிடமும் சொல்லுவார்: "எங்க வூட்டுல எனக்கு டீச்சரே அவங்கதான்." சிரித்துக்கொண்டே சொல்லுவார். அந்தச் சிரிப்புதான் பின்னால் என் உயிரை வாங்கியது.

எடிட்டர் என்றால் புரோகிராம் எழுதுகிற இடம். தாளும் பேனாவும் அழிப்பானும் ஒன்றாகச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பழகியது பச்சைத் திரை. கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. மவுஸ் வேண்டாம், மெனு வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணின்மேல் டி என்று தட்டினால் அந்த வரி போய்விடும், ஆர் என்று தட்டினால் இன்னொன்று முளைக்கும். ரூலர் வேண்டும் என்று கேட்டால் வரிக்கு மேலே அளவுகோல் போட்டுக் காட்டும். கைக்குப் பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். நான் வேலை செய்யும்போது பார்த்தால் வீணை வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை அவரே சொல்லியிருக்கிறார். அது கல்யாணம் ஆன புதிதில் சொன்னது இல்லை, அதற்கு அப்புறம் ரொம்ப வருஷம் கழித்துச் சொன்னது. அதனால் நம்பினேன்.

அந்தத் திரையில் அளவு முக்கியம். ஒரு வரிக்கு எண்பது இடம்தான். அதிலும் எழுபத்திரண்டாவது இடம் இருக்கிறதே, அது பொல்லாத இடம். அங்கே ஒரு புள்ளி இருந்தாலும், அடுத்த வரியை இந்த வரியின் தொடர்ச்சி என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, வலது ஓரத்தைத் தொடாதே. இரண்டாவது, கட்டளைகளை நன்றாக உள்ளே தள்ளி எழுது. பரீட்சைப் பேப்பரில் மார்ஜின் விடுகிற மாதிரி, பார்க்க லட்சணமாக இருக்கும். வேறு ஆபீஸ்களில் இவ்வளவு உள்ளே தள்ள மாட்டார்கள். எங்கள் ஆபீஸில் தள்ளுவோம். அது நான் போட்ட வழக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

புது எடிட்டர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து பிடித்துக்கொண்டது காலை நேரத்தை. வேலையைப் புது மாதிரி செய்து பார்க்க என்று ஆபீஸில் வேறொரு எடிட்டர் போட்ட லேப்டாப் ஒன்று கொடுத்தார்கள். யாருக்கு வேண்டும் என்று மேனேஜர் கேட்டபோது அவர் கை தூக்கினார். நானும் தூக்கியிருப்பேன். அந்தச் சமயம் மகளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து போன், பேசப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது லேப்டாப் பை அவர் தோளில் தொங்கியது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்துகொள்வார். மடியில் லேப்டாப். காதில் ஏதோ வீடியோ. மெயின்ஃபிரேமிலிருந்து புரோகிராமை இறக்கி, இந்த எடிட்டரில் எழுதி, திருப்பி மேலே அனுப்புகிற வித்தையைப் படித்துக்கொண்டிருப்பார். நான் ஒரு அடுப்பில் குக்கர், ஒரு அடுப்பில் தோசைக்கல், மகளுக்கு ஜடை, மாமியாருக்குச் சர்க்கரை இல்லாத காபி, நான்கு டப்பாவுக்குச் சாதம் என்று சுற்றிக்கொண்டிருப்பேன். "ஏங்க, அந்தத் தேங்காயைக் கொஞ்சம் உடைச்சுக் குடுங்க" என்பேன். கண்ணைத் தூக்காமலே பதில் வரும்.

"ஒரு நிமிஷம்மா."

அந்த நிமிஷம் முடிவதற்குள் தேங்காயை நானே உடைத்து, துருவி, சட்னியும் அரைத்திருப்பேன்.

எனக்கு அப்போது பொறாமை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பொறாமை ஆபீஸில் வந்தது. அவருடைய திரையில் கட்டளை ஒரு நிறம், எண் ஒரு நிறம், குறிப்பு ஒரு நிறம். பாதி எழுதும்போதே மீதி என்னவென்று அதுவே காட்டும். எங்கேயோ இருக்கிற ஒரு பெயரைத் தொட்டால் அது எங்கெங்கே வருகிறதோ அத்தனையும் பளிச்சென்று தெரியும். வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர் பக்கம் போக ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் அந்த நாற்காலிகள் என் பக்கம் வந்துகொண்டிருந்தவை. "அக்கா, இத கொஞ்சம் பாருங்கக்கா" என்பது போய் "அண்ணா, அத இன்னொரு வாட்டி காட்டுங்கண்ணா" என்று ஆனது. நான் என் பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காதில் புகை வரும்.

பிறகு மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர். கோபம் வந்தாலும் குரல் உயராது, இழுவைதான் கூடும்.

"ஆளுக்கொரு எடிட்டர்ல எழுதினா சரிப்படாதுல்லா? எல்லாரும் ஒண்ணுலதான் எழுதணும். எது நல்லதுன்னு நீங்க ரெண்டு பேரும் செஞ்சு காட்டுங்க. எது நிக்குதோ, அத சொல்லிக்குடுக்குறவங்கதான் டீமுக்கு லீடு. வீட்டுல சண்டை போட்டுக்கிடாதிய."

லீட் என்பது டீமின் தலைமைப் பதவி. அதற்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று மேனேஜருக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். பழைய லீட் வேலையை விட்டுப் போனதிலிருந்து அந்த நாற்காலி காலி. அதன் வேலையெல்லாம் செய்வது நான், கையெழுத்துப் போடுவது மேனேஜர். அடுத்தது நீதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் சொன்னார். இப்போது ஓர் எடிட்டரை வைத்து அது எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். "உங்களுக்கு லீட் வேணுமா?"

"எனக்கு இன்னாத்துக்கு? உனக்கு வந்தாலும் எனக்கு வந்தாலும் ஒண்ணுதானே. ஒரே வூடுதானே."

எனக்கு வந்தாலும் ஒன்று, அவருக்கு வந்தாலும் ஒன்று என்றால் விட்டுக்கொடுக்க வேண்டியதுதானே? அதை மட்டும் அவர் சொல்லவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கார்களை அடுக்கி ஏற்றிய ஒரு டிரெய்லர் எங்களை ஒட்டியே வெகுதூரம் வந்தது.

என்னை உண்மையிலேயே கலங்க வைத்தது நிறமும் இல்லை, வேகமும் இல்லை. குறிப்பு எழுதுவது. புரோகிராமில் நடுநடுவே, வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு மனிதர்களுக்கென்று ஒரு குறிப்பு எழுதுவோம். மெஷின் அதைப் படிக்காது. நம் ஆட்கள் படிப்பார்கள். பச்சைத் திரையில் தமிழ் வராது. அதனால் இத்தனை வருஷமாக நான் எழுதிய குறிப்பெல்லாம் கேப்பிடல் லெட்டர் இங்கிலீஷ். டோன்ட் டச். டோன்ட் மூவ் திஸ். லாரி வில் ஸ்டாண்ட். நான் எழுதிய இங்கிலீஷை நானே பின்னால் படித்துப் பார்த்து, என்ன சொல்ல வந்தேன் என்று விழித்ததும் உண்டு.

அவர் தமிழில் எழுதிவிட்டார்.

ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அவர் திரையில், வண்ணக் கட்டளைகளுக்கு நடுவில், "இதைத் தொடாதே" என்று இருந்தது. கொஞ்சம் கீழே, "இங்கே கதவு எண்". இன்னும் கீழே, "இது பழைய கணக்கு". அவ்வளவுதான், இரண்டு மூன்று வார்த்தைகள். காஞ்சிபுரத்துப் பெண் ஒருத்தி, அசெம்ப்ளர் என்றாலே அழுதுகொண்டிருந்தவள், அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இப்ப எனக்குப் புரியுதுண்ணா" என்றாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பற்றி எரிந்தது. அவர் என்னைவிட நன்றாக அசெம்ப்ளர் எழுத மாட்டார். இன்றைக்கும் மாட்டார். ஆனால் இது எனக்கு ஏன் தோன்றவில்லை? அவருக்குத் தோன்றியதென்றால் சோபாவில் உட்கார்ந்து யோசிக்க அவருக்கு ஒரு காலை நேரம் இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுதான் யோசனை. இதை நினைத்தபோது எரிச்சல் இன்னும் கூடியது. அன்று மத்தியானம் அவர் டப்பாவில் நான் கட்டியிருந்த புளியோதரையைப் பிள்ளைகள் ஆளுக்கொரு கை எடுத்துச் சாப்பிட்டு, "சூப்பர்ணா" என்றார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிள்ளைகள் ரசிக்க ரசிக்க அவருடைய குறிப்புகள் நீள ஆரம்பித்தன. இரண்டு வார்த்தை ஒரு வாக்கியமாயிற்று.

ஒருநாள் லாரிகள் நின்றுவிட்டன. சாப்பாட்டு வேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சத்தம் வந்தது. கிடங்கில் சரக்கு ஏற்றுகிற இடத்தின் சூப்பர்வைசர் படியேறி வந்து கதவைத் திறந்தபடியே கத்தினார். "இன்னா சார் பட்டியல் இது? மொத லாரி கரெக்டா கீது. ரெண்டாவது லாரில பாதி சரக்கு ஏத்துனா போதும்னு வருது. மூணாவது லாரிய காலியாவே அனுப்பச் சொல்லுது. காலி லாரிய அனுப்பினா கார் கம்பெனிக்காரங்க லைன் நின்னுடும் சார்!"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டிலிருந்து வாலாஜாபாத் ரோடு வரைக்கும் லாரிகள். ஓட்டுநர்கள் இறங்கி நிழல் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று காலையில்தான் என் வீட்டுக்காரர் எழுதிய மாற்றம் மேலே போயிருந்தது. சோதனையில் சரியாக ஓடியது. சோதனையில் நாங்கள் ஓடவிடுவது எப்போதும் ஒரே ஒரு லாரி. அவர் தன் எடிட்டரில் புரோகிராமைத் திறந்து மேலும் கீழும் உருட்டினார். எல்லா வரியும் இருந்தது. எல்லாம் அழகாக, வண்ணமாக, சரியாக இருந்தது. "எல்லாமே கரெக்டா தானே கீது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நெற்றியில் வியர்வை.

முதல் லாரி சரி, அடுத்ததிலிருந்து தப்பு என்றால் ஒரு லாரியில் ஏறிய எண்ணிக்கை, அடுத்த லாரியில் ஏற்கெனவே ஏறிவிட்டதாக ஒட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு லாரிக்கும் முன்னால் எண்ணிக்கையைச் சைபராக்குகிற வரி ஒன்று உண்டு. அது வேலை செய்யவில்லை. நான் அதே புரோகிராமை என் பச்சைத் திரையில் திறந்தேன். சைபராக்கும் வரி அங்கேயும் இருந்தது. அதற்கு நேர் மேலே அவர் குறிப்பு. அது தமிழாக இல்லை. தமிழ் தெரியாத மெஷின் அதைப் புள்ளியும் கோடும் குப்பையுமாக மாற்றி வைத்திருந்தது. அந்தக் குப்பை வலது ஓரம் வரை நீண்டு கிடந்தது.

ரூலரைப் போட்டேன். எழுபத்திரண்டாவது இடத்தில் ஒரு குப்பை.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் திரையில் சின்னதாகத் தெரிகிற தமிழ் எழுத்து ஒன்று, மேலே போகும்போது மூன்று இடம், ஆறு இடம் என்று பிடித்துக்கொள்கிறது. இரண்டு வார்த்தையாக இருந்தவரை தப்பித்தது. அன்று ஒரு வாக்கியம் எழுதியதும் ஓரத்தைத் தாண்டிவிட்டது. தாண்டியதும், அடுத்த வரியையும் குறிப்பின் தொடர்ச்சி என்று மெஷின் எடுத்துக்கொண்டது. குறிப்பைத்தான் அது படிக்காதே! சைபராக்கும் வரி, கண்ணெதிரே இருந்தும், இல்லாமல் போயிற்று.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் நல்ல மனைவி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கீழே லாரிகள் நிற்கின்றன, பக்கத்தில் கட்டின புருஷன் வியர்த்துக்கொண்டிருக்கிறார், எனக்கு உள்ளே பால் பொங்குகிறது. குறிப்பைச் சுருக்கி, மறுபடியும் ஓடவிட்டேன். பட்டியல் சரியாக வந்தது. கீழே முதல் லாரி நகர்ந்த சத்தம் கேட்ட பிறகு, எல்லோரையும் என் மேசைக்குக் கூப்பிட்டேன். நாற்காலிகள் என் பக்கம் உருண்டு வந்தன. ரூலரைக் காட்டினேன், அந்தக் குப்பையைக் காட்டினேன், அவருடைய எடிட்டரில் இது தெரியாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். மேனேஜரும் நின்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இரும்மா. ஒரு வரியோட தொடர்ச்சின்னா அந்தத் தொடர்ச்சி வரியோட ஆரம்பத்துல கொஞ்சம் இடம் காலியா இருக்கணும் இல்ல? மத்த ஆபீஸ் மாதிரி கட்டளைய இடது ஓரமா எழுதியிருந்தா, இன்னாடா இது, இங்க இருக்கக் கூடாததெல்லாம் இருக்குதேன்னு மெஷினே கத்தியிருக்கும். மேல போறதுக்கு முன்னாடியே மாட்டியிருக்கும். நம்ம ஆபீஸ்லதான் இவ்ளோ உள்ள தள்ளி எழுதறோம். அதனாலதான் கத்தாம முழுங்கிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "உள்ள தள்ளி எழுதச் சொன்னது யாரு?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் யாரென்று தெரியும். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை எடுத்து எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மேனேஜர் சிரித்துவிட்டார். "நல்லா இருக்கு போங்க. ரெண்டு தப்பும் ஒரே வீட்டுலேருந்துல்லா வந்திருக்கு!" பிறகு இழுவை கூடியது. "பிள்ளையளுக்கு அந்தப் புது எடிட்டர்தான் பிடிக்கு. தமிழ்ல எழுதினா புரியுதுன்னு சொல்லுதாவ. அத விட முடியாது. ஆனா இன்னொரு தடவ லாரி நிக்கப்படாது. குறிப்பு வலது ஓரத்தத் தாண்டினா மேல அனுப்பாம நிப்பாட்டுற மாதிரி அந்த எடிட்டர்லயே ஒரு காவல் போடணும். திங்கக்கிழம யாரு அத கொண்டு வாரியளோ, அவங்கதான் லீடு. பேச்சு முடிஞ்சுது."

பஸ்ஸில் அவர் உற்சாகமாக இருந்தார். "ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்தா முடிச்சுடலாம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குள் சொல்லிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அவருடையது என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து வந்தபோது நான் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்திருந்தேன். மடியில் லேப்டாப்.

"இன்னா இது?"

"லேப்டாப்."

"எனக்கு வேணுமே."

"எனக்கும் வேணும். மாவு ஃபிரிட்ஜுல இருக்கு. இட்லி ஊத்திடுங்க. சட்னிக்குப் பொட்டுக்கடலை அந்தச் சின்ன டப்பாவுல."

மாமியார் பதறிவிட்டார். "அவனுக்கு அடுப்பு பத்தவெக்கவே தெரியாதும்மா. நான் வேணா ஊத்தறேன்."

"நீங்க உக்காருங்கத்தே. லைன்ல நூறு பேரை மேய்ச்சவரு, நாலு தட்டு இட்லி ஊத்த மாட்டாரா?"

அவர் என்னைப் பார்த்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. ஒரு மணி நேரத்தில் நானே அலுத்துப்போய்க் கொடுத்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

அந்தக் காலை எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று எப்படிச் சொல்ல? முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மவுஸை எங்கே கொண்டுபோனாலும் ஏதோ ஒன்று திறந்துகொண்டது. ஒரு வீடியோ பார்த்தேன். இன்னொன்று பார்த்தேன். யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. ஒன்றை யோசிக்க ஆரம்பித்தால் அதன் கடைசி வரைக்கும் போய் வர முடிந்தது. வீட்டில் உட்கார்ந்து நான் அப்படி யோசித்ததே இல்லை. இதைத்தான் இந்த மனிதர் தினமும் தனியாகத் தின்றுகொண்டிருந்தார். எடிட்டரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதெல்லாம் வீண். இந்தச் சோபாவைப் பார்த்துப் பட்டிருக்க வேண்டும்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, இட்லி வெந்துடுச்சான்னு எப்படிப் பாக்கறது?"

கண்ணைத் தூக்காமலே சொன்னேன். "ஒரு நிமிஷங்க."

அந்த நிமிஷம் முடிவதற்குள் மகள் போய் ஒரு ஸ்பூனைக் குத்திப் பார்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

மத்தியானத்துக்குள் காவல் ஓடியது. வேண்டுமென்றே ஒரு நீளமான தமிழ் வாக்கியத்தை எழுதி அனுப்பப் பார்த்தேன். எடிட்டர் அந்த வரியைச் சிவப்பாக்கி, அனுப்ப மாட்டேன் என்று நின்றது. பின்னால் நிழல் தெரிந்தது. கரண்டியோடு அவர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ.

"எழுத்த எண்ணாம, அது பிடிக்கிற இடத்த எண்ண வெச்சுட்டியா? எனக்கு இது தோணவே இல்லியே" என்றார். பாராட்டத்தான் சொன்னார். ஆனால் வாய் சிரிக்க, கண் சிரிக்கவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஆபீஸ் பாத்ரூம் கண்ணாடியில் பல நாள் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை லீட் பதவி எனக்கு வந்தது. மேனேஜர் பார்த்தார், "சரிம்மா, நீயே பாத்துக்கிடு" என்றார், போன் வந்தது, பேசப் போய்விட்டார். அவ்வளவுதான். எழுதுவது புது எடிட்டரில், குறிப்பு தமிழில், மேலே அனுப்பியதும் பச்சைத் திரையில் ரூலர் போட்டு ஒரு பார்வை என்று நான் வழக்கம் போட்டேன். கட்டளைகளை உள்ளே தள்ளி எழுதுவதை விட்டுவிட்டோம். பார்க்க லட்சணமாக இல்லை. பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். வருஷக்கணக்காக நான் செய்துகொண்டிருந்த வேலைதானே, பதவி வந்ததில் புதிதாக என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு இருந்திருக்கும்.

காலை நேரத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் தயார் செய்ய வேண்டும் என்றேன், உண்மையும் அதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் சமையல் அவருடையது என்று ஆயிற்று. முதலில் தேங்காயோடு மல்லுக்கட்டினார். பிறகு அதற்கும் வீடியோ பார்த்தார். கை வந்துவிட்டது.

அதோடு ஆரம்பித்தது. "எம் புள்ள கையால ஒரு வாய் ரசம் சாப்ட்டேன், அமிர்தம்" என்று மாமியார் எதிர்வீட்டில் சொன்னார். எதிர்வீட்டுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்க வூட்டுக்காரரா! சமைக்கிறாரா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். என் அக்கா போன் செய்து, "அந்த மனுஷனைப் பார்த்தா பொறாமைப்பட்டே, பாவி" என்றாள். மகள் தன் வகுப்பில் போய்ச் சொல்லி, டீச்சர் அவருக்காகப் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னாராம். அம்மா லீட் ஆனதைச் சொன்னாயா என்று கேட்டேன். மறந்துவிட்டாளாம்.

போன வாரம் பஸ்ஸில் அவர் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சை சாதம், அவர் செய்தது. முன் இருக்கையிலிருந்து அக்கவுண்ட்ஸ் பெண் திரும்பி, "அண்ணா, நீங்களேவா செஞ்சீங்க?" என்றாள். டப்பா கை மாறிக் கை மாறி டிரைவர் வரைக்கும் போய் வந்தது. பஸ்ஸே பாராட்டியது. அந்தப் பெண் கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"குடுத்து வெச்சவங்கக்கா நீங்க."

அவரைப் பார்த்தேன். அடக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். இதே பஸ்ஸில், இதே டப்பாவில், நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை அவர் எத்தனையோ வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒருத்தராவது அவர் பக்கம் திரும்பி, குடுத்து வெச்சவரு நீங்க என்று சொன்னதில்லை.

மிச்சமிருந்ததை அவர் என் பக்கம் நீட்டினார். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். உப்பு சரியாக இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.